திரை வேண்டாமென்ற வெயில்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அளவுக்குப் பெரிய சிரிப்பு, அதை இப்போதே எடுத்து நீட்டிவிடலாம்தான், ஆனால் நீட்டினால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், ஆகவே அது இப்போதைக்கு வர்ணிகாவின் தொண்டைக்குள்ளேயே இருக்கட்டும், அங்கே ஏற்கெனவே பதினேழு பேர் குடியிருக்கிறார்கள், பதினெட்டாவதாக ஒரு சிரிப்பு ஒண்டிக்கொள்ள இடமிருக்கும்.

வர்ணிகாவுக்குப் பதினாறு வயது. கோயம்புத்தூரில் செண்பகா அபார்ட்மெண்ட் என்று ஒரு மூன்று மாடிக் கட்டடம், அதன் தரைத்தளத்தில், படிக்கட்டு தொடங்குகிற இடத்துக்கு நேர் எதிரே உள்ள வீட்டில், பிளவுஸ் தைக்கிற அம்மா மகுடேஸ்வரியோடு இருந்தாள். அப்பா குவைத்தில் கிரேன் ஓட்டினார். யார் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அந்த ஆள் அவள் தொண்டைக்குள் பாயை விரித்துப் படுத்துவிடுவார். வாட்ச்மேன் சின்னராசு அங்கே இருமலோடு குடியிருந்தார். இரண்டாம் மாடி டெய்சி டீச்சர் தன் நாகர்கோவில் ‘மக்களே’யோடு குடியிருந்தாள். தாராபுரத்து மாமா, தெருவில் கீரை விற்கிறவர், பஸ் கண்டக்டர்கள் மூன்று பேர், எல்லோரும் உள்ளே. டெய்சி டீச்சர் குரலில் சின்னராசுவைக் கூப்பிட்டு ‘தண்ணி நிறைஞ்சு ஒழுகுதே, மோட்டார நிறுத்தும்’ என்பாள், சின்னராசு ஓடுவார், ஓடி நிறுத்திவிட்டு வந்தால் சின்னராசு குரலில் டீச்சரைக் கூப்பிட்டு, ‘ஏனுங் டீச்சர், மோட்டரப் போட்டதே நீங்கதானுங்களே’ என்பாள், இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று சண்டை பிடிப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வீட்டுக்கு வெயில் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கிழக்கிலும் தெற்கிலும் பதினாறு மாடியில் இரண்டு டவர்கள் எழும்பி, செண்பகாவின் பங்கு வெயில் முழுவதையும் வாங்கித் தங்கள் முதுகில் போர்த்திக்கொண்டன. தரைத்தளத்தில் சித்திரையிலும் சுவர் வியர்த்தது. பீரோவுக்குப் பின்னால் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் ஏறி, மகுடேஸ்வரியின் நெஞ்சுக்குள் ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டது. அது இரவும் பகலும் உர்ரென்று உறுமியது. டாக்டர் மருந்து எழுதுவதை நிறுத்திவிட்டு, ‘வீட்டை மாத்துங்கம்மா’ என்றார். தாராபுரத்து மாமா மாடியில் ஓர் அறையைக் காலி பண்ணி வைத்துவிட்டு, ‘பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள டெம்போ அனுப்பறேன், வந்துருங்க’ என்றார். வர்ணிகாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் வகுப்பைத் தாராபுரத்தில் எப்படிப் படிப்பது, அதைவிட, இந்தப் பதினேழு பேரை விட்டுவிட்டு அங்கே போய் யார் குரலில் பேசுவது?

இனி மூன்றாம் மாடி நாச்சிமுத்து.

மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் செக்ஷனுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அசோசியேஷன் தலைவர், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனி ஆள், கட்டடத்தில் நோட்டீஸ் ஒட்டுகிற உரிமை அவர் ஒருவருக்குத்தான். படியில் உட்காராதீர். வாசலில் செருப்பு விடாதீர். கைப்பிடியில் துணி போடாதீர். ஒருமுறை யாரோ மொட்டை மாடியில் வடகம் காய வைத்து அது தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டது என்பதற்காக மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் அரைஞாணில் கோத்துக்கொண்டவர். பிறகு டவர் வந்து மாடிக்கும் வெயில் இல்லாமல் போயிற்று, ஆனாலும் பூட்டுத் தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

விதி பாருங்கள், கட்டடம் முழுவதிலும் வெயில் மிச்சமிருந்தது அவர் ஹாலில் மட்டும்தான். காலையில் இரண்டு டவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் நுழைந்து வரும். மதியத்துக்கு மேல் எதிர்த்த கட்டடத்துக் கண்ணாடியில் மோதித் திரும்பி வரும். அந்த வெயிலில்தான் அவருக்கு வில்லங்கம். கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் டிவியில் பந்து தெரியாது, ஜன்னல் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் இருட்டு, இருட்டில் உட்கார அவருக்குப் பயம். அதனால் சித்திரை பிறந்த மூன்றாம் நாள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாலே சுவர் அகலத்துக்குப் படம் காட்டுகிற ஒரு புரொஜெக்டரும், அதற்கென்றே ஆன ஒரு மோட்டார் திரையும் வாங்கிப் போட்டார்.

திரை தரையில் ஒரு நீளப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். ரிமோட்டை அமுக்கினால் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு, தூங்கி எழுந்த ஆள் சோம்பல் முறிப்பதுபோல நிமிர்ந்து நிமிர்ந்து மேலே போய் நிற்கும். மாட்ட வந்த பையன் அதன் துணியை விரலால் தடவிக் காட்டினான். கண்ணுக்குத் தெரியாத படிப்படியாக நெய்திருந்தது, ஒவ்வொரு படிக்கும் அடிப்பக்கம் வெள்ளி, மேல்பக்கம் கறுப்பு.

“கீழ இருக்கற புரொஜெக்டர் வெளிச்சத்தை மட்டும்தான் சார் எடுத்துக்கும். மேல இருந்து, ஜன்னல்ல இருந்து வர்றதை எல்லாம் வேண்டாம்னு அனுப்பிச்சிரும்.”

“அனுப்பிச்சா அது எங்கீங்க போகும்?” என்றார் நாச்சிமுத்து.

“அது நம்ம கவலை இல்லைங்க சார்.”

பையன் போய்விட்டான். அன்று மாலை ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நாச்சிமுத்து போட்ட சத்தம் தரைத்தளம் வரை இறங்கி வந்தது. பரீட்சை முடிந்து லீவில் கைகால் ஊறிக்கொண்டிருந்த வர்ணிகாவுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அப்பா விட்டுப்போன பழைய சிம்மை எடுத்துப் போட்டாள், வீட்டுக்குள் சிக்னல் சரியாக நிற்காது என்பதால் படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள், தேனில் ஊறப்போட்ட ஒரு பெங்களூர்க் குரலை அந்த நிமிஷமே தைத்துப் போட்டுக்கொண்டாள்.

“வணக்கம் சார், கஸ்டமர் கேர்ல இருந்து பேசறேன். உங்க ஸ்கிரீன் விஷயமா ஒரு முக்கியமான தகவல். துணி புதுசு சார். எந்த வெளிச்சம் வேணும், எந்த வெளிச்சம் வேண்டாம்னு அதுக்கு இன்னும் தெரியாது, பழக்கி எடுக்கணும். காலையில ஒன்பது மணிக்கு ஏத்தி, சாயங்காலம் நாலுக்கு இறக்கணும். புரொஜெக்டர் போடக் கூடாது. நீங்க எதிர்ல உட்கார்ந்து திரையையே பார்க்கணும், திரும்பக் கூடாது. ஜன்னலும் வாசக்கதவும் தொறந்தே இருக்கணும் சார், காத்தோட்டத்துக்கு.”

“எத்தனை நாளைக்குங்க மேடம்?”

அவர் இந்நேரம் திட்டியிருக்க வேண்டும். திட்டாதது அவளுக்குத் தைரியம் கொடுத்தது. “ஒரு மண்டலம் சார்.”

போச்சு, பிடித்துவிட்டார், என்று நினைத்தாள். நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“நாப்பத்தொண்ணுங்களா மேடம், நாப்பத்தெட்டுங்களா?”

“நாப்பத்தெட்டு சார்.”

“கவுச்சி?”

“தவிர்த்தா நல்லது சார்.”

இதில் அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டுவலிக்கு லேகியம் தின்றபோதும் ஒரு மண்டலம்தான், மில்லில் புது மிஷின் ஓட்டிப் பழகியதும் ஒரு மண்டலம்தான். வெளியூரிலிருந்து வந்த ஒரு திரைக்கு மட்டும் அது எப்படிக் குறையும்? மறுநாள் காலை தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ரிமோட்டை இரண்டு கையாலும் எடுத்துத் திரையை ஏற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார். சாம்பல் நிறத்தில் ஒன்றுமே இல்லாத அந்தத் துணியை அவர் பார்த்தார், அது அவரைப் பார்த்தது. இதுதானா அந்தச் சிரிப்பு என்று கேட்காதீர்கள், இது இல்லை.

ஒன்பதரை மணிக்கு வெளிச்சம் படியிறங்கியது.

திரை வேண்டாமென்று திருப்பிவிட்ட வெயில், நாச்சிமுத்துவின் முதுகுக்குப் பின்னாலேயே ஹாலைக் கடந்து, திறந்திருந்த வாசற்கதவு வழியாக நடைபாதைக்கு வந்து, முழங்கால் உயரத்தில், மஞ்சள் கரைத்த தண்ணீரின் நிறத்தில், ஒவ்வொரு படியாக, கதவு நம்பர் தேடுகிற ஆளைப்போல நின்று நின்று இறங்கியது. முதலில் பார்த்த சின்னராசு யாரோ மஞ்சள்தூளைக் கொட்டிவிட்டார்கள் என்று விளக்குமாற்றால் தள்ளினார், அது விளக்குமாற்றில் ஏறிக்கொண்டது. “கெரகம், வெய்யலு,” என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். டெய்சி டீச்சர் கதவைத் திறந்தாள், குனிந்து பார்த்தாள், உள்ளே போய் ஈரத் தலையணை உறை இரண்டைக் கொண்டுவந்து கைப்பிடியில் போட்டாள். முதல் மாடியில் இம்ரானின் பதினோரு நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருந்தது, காலை வெயிலில் காட்டச் சொல்லியிருந்தார்கள், காட்ட வெயில் எங்கே என்று அவன் பைக்கில் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தான்; அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை மணி வரைக்கும் இருக்கும் என்றுதான் கேட்டார்கள்.

நாலு நாளில் அதன் குணம் பிடிபட்டது. ஓரிடத்தில் வேண்டாமென்று அனுப்பப்பட்ட வெளிச்சம் அல்லவா, அதற்கு நிலைகொள்ளாது, ஒரு பொருள்மேல் ஐந்து நிமிஷம் உட்காராது, எழும், சுற்றும், தொட்டதையே மறுபடி தொடும், மிளகாயைப் பரப்பிவைத்தால் புரட்டவே வேண்டாம், அதுவே இரண்டு பக்கமும் காயவைத்துவிடும். அதில் நிற்கிறவர்களின் நிழலுக்கும் கால் தரிக்காது. நீங்கள் சும்மா நிற்பீர்கள், உங்கள் நிழல் இடம் மாறி மாறி நிற்கும். அதட்டினால் சுருங்கிப்போய் மூலையில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் தானாக வராது, வாசலில் தயங்கும், விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல ‘வாங்க’ என்று முகம் பார்த்துச் சொன்னால்தான் நிலைப்படியைத் தாண்டும். டெய்சி டீச்சர் முதல் நாள் பழக்கதோஷத்தில் ‘கம் இன்’ என்றாள், அது அசையவில்லை. அனுப்பும்போதும் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்ல வேண்டும். ஒருநாள் இம்ரான் குழந்தை அழுகிற அவசரத்தில் வெறும் ‘போங்க’ என்று சொல்லிவிட, மறுநாள் அது அவன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது, அவன் பின்னாலேயே போய், “மன்னிச்சிருங்க, வாயில வந்துருச்சு,” என்று கூட்டி வந்தான்.

டெய்சி டீச்சர் கணக்கு டீச்சர், டைம்டேபிள் போட்டுவிட்டாள். ஒன்பதரையிலிருந்து குழந்தை. பத்தரையிலிருந்து துணிமணி. பதினொன்றிலிருந்து மிளகாய், வற்றல், அரிசி. பன்னிரண்டிலிருந்து நாலு வரை கீழ்வீடு, மகுடேஸ்வரியின் சுவர். கீழே போகிற வழியில் படியில் மிஞ்சுவது யாருக்கு வேண்டுமானாலும்.

மகுடேஸ்வரி ‘வாங்க’ என்று சொன்ன முதல் மதியம், வெளிச்சம் உள்ளே வந்து, பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்து, தையல் மிஷினைச் சுற்றி, சுவர்களில் மேலும் கீழும் நடந்தது. மூன்றாம் நாள் பூசணம் பொரிந்து உதிர்ந்தது. ஒரு வாரத்தில் சுவர் வியர்ப்பது நின்றது. பத்தாம் நாள் மகுடேஸ்வரி பாயை விரித்து அதன் நடுவில் படுத்தாள், படுத்தவள் தூங்கிப்போனாள், நெஞ்சிலிருந்த பூனை எங்கேயோ எழுந்து போயிருந்தது. வர்ணிகா பக்கத்தில் உட்கார்ந்து அம்மா மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டாள். அவளால் போலி செய்ய முடியாத ஒரே சத்தம் அதுதான் என்று தோன்றியது.

அந்த நிமிஷத்தில்தான் விளையாட்டு அவள் கையைவிட்டுப் போயிற்று. நாளைக்கு நாச்சிமுத்து சலித்துப்போய்த் திரையை இறக்கினால்? கதவைச் சாத்தினால்? திரும்பிப் பார்த்தால்? அவர் காதுக்குப் போனால் வெளிச்சத்துக்கும் ஒரு பூட்டு வாங்கிவிடுவார் என்று கட்டடம் முழுக்க ஒரே பேச்சு. மாடிப்படியில் எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டார்கள், மூன்றாம் மாடி வாசலைக் கடக்கிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நோட்டீசில் அவர் என்னென்ன செய்யாதே என்று எழுதியிருந்தாரோ அதையெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் பூனைநடை நடந்து செய்துகொண்டிருந்தார்கள். வர்ணிகா தினமும் காலை ஒன்பதுக்குப் படிக்கட்டடியில் நின்று தேன்குரலை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“வணக்கம் சார், இன்னைக்கு எத்தனாவது நாள் சார்?”

“பத்தொம்பதுங்க மேடம்.”

“சாப்பிட்டீங்களா சார்?”

இதைக் குரலுக்கு ஒரு அலங்காரமாகத்தான் சேர்த்திருந்தாள். நாச்சிமுத்து அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. என்ன சாப்பிட்டார், உப்பு கூடியதா, எல்லாம் சொன்னார். “திரை நல்லாப் பழகுதுங்க மேடம். நான் மூக்கச் சொறிஞ்சா அதுல நெழலும் மூக்கச் சொறியுதுங்க,” என்றார். இன்னொரு நாள், “ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இங்கத்த ஆளுக யாரும் என் வீட்டு பெல்ல அடிக்கவே மாட்டாங்க. மாடிக் கதவப் பூட்டினதுலயிருந்து அப்படித்தான். இப்பப் பாருங்க, ஒரு வாரமா ஆளாளுக்குக் கிண்ணத்துல கொழம்பு, பொரியல், பாயசம். கவுச்சி கிடையாது, எனக்கு வெரதம்னு அவங்களுக்கு எப்படித் தெரியுதோ. எதுக்குக் குடுக்கறாங்கன்னு கேக்கவும் கூச்சமா இருக்குதுங்க,” என்றார்.

அவர் தினமும் யாரோ ஒரு மேடத்திடம் விரதக் கணக்குச் சொல்கிற சத்தம் திறந்த கதவு வழியாக எல்லா மாடிக்கும் கேட்டது. குற்ற உணர்ச்சிதான் கிண்ணம் கிண்ணமாக மேலே போய்க்கொண்டிருந்தது. டெய்சி டீச்சர் கிண்ணத்தை நீட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ஓடி வருவாள். “பாவம் மக்களே,” என்பாள் வர்ணிகாவிடம், “அந்த மனுசன் அவருக்க வெளிச்சத்த ஒரு நாளாவது கண்டாரா?” வர்ணிகா தான்தான் அந்த மேடம் என்று டீச்சரிடம்கூடச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாத குறும்பு அவளுக்கு இதுவே முதல். அது உள்ளே கிடந்து உதைத்தது. இதற்கிடையில் தாராபுரத்து மாமா கூப்பிட்டபோது, அம்மா குளிக்கிற நேரம், அம்மா குரலில் அவளே, “இப்ப நல்லாருக்குங்ணா, டெம்போ அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க,” என்றாள். “கொரல்ல எரைப்பே இல்லியே புள்ள,” என்று மாமா சந்தோஷப்பட்டார்.

நாற்பதாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்கு மேலே ‘ம்ம்ம்’ என்று முனகல் கேட்டது. திரை இறங்குகிற முனகல்.

படியில் இருந்த வெளிச்சம் யாரோ தோளைத் தொட்டுக் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து, வந்த வழியே, மிளகாய்மேலிருந்தும் சுவர்மேலிருந்தும் தன்னைத் தானே எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போயிற்று. கால் மணி நேரத்தில் தரைத்தளத்துச் சுவரில் முதல் வியர்வைப் பொட்டு. அரை மணியில் தூக்கத்திலிருந்த மகுடேஸ்வரி எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தாள். பூனை திரும்பி வந்திருந்தது, இத்தனை நாள் பட்டினிக்கும் சேர்த்து உறுமியது. வர்ணிகா மருந்துக் குப்பியை அம்மா வாயில் வைத்து அமுக்கிவிட்டு வெளியே ஓடி வந்து எண்களைத் தட்டினாள், தப்பாகத் தட்டி மறுபடி தட்டினாள், தேன்குரல் மட்டும் தப்பவில்லை.

“சார், உங்க ஸ்கிரீன் எறங்கியிருக்கறதா எங்களுக்குக் காட்டுது சார்.”

“ஆமாங்க மேடம்...” அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பேசினார். “சென்னையில இருந்து பையன் கூப்பிட்டான். ‘வெறுந் துணியப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்களா, பைத்தியமாப்பா உங்களுக்கு’ன்னு கேட்டுப்போட்டான். எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு.”

சொல்லியிருக்கலாம், விரதம் கலைந்துவிட்டது, முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று. இன்னொரு நாற்பத்தெட்டு நாள் கையில் கிடைத்திருக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பைத்தியமா என்று மகன் கேட்டதைச் சொன்ன அந்தக் குரல், அவள் தொண்டைக்குள் ஏற்கெனவே குடியிருந்த நாச்சிமுத்துவின் குரலாக இல்லை, இது வேறு யாரோ, புதிதாக வந்தவர்.

“அரை மணிதானே சார், மன்னிப்பு உண்டு,” என்றாள். “ஏத்திடுங்க. பைத்தியம் இல்ல சார் நீங்க. இவ்வளவு பொறுமையா எந்தக் கஸ்டமரும் இருந்ததில்ல.”

‘ம்ம்ம்’ என்று மேலே திரை எழுந்தது. வெளிச்சம் படியிறங்கி வந்தது, கோபித்துக்கொண்டு வந்தது, வாசலில் நின்றது, வர்ணிகா மூன்று தரம் ‘வாங்க, வாங்க, வாங்க’ என்று கூப்பிட்ட பிறகே உள்ளே போயிற்று.

எட்டு நாளை எப்படிக் கழித்தாளோ. படுத்தால் புரண்டாள், உட்கார்ந்தால் எழுந்தாள், வாயைத் திறந்தால் யாருடைய குரல் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை, ‘அம்மா, சோறு’ என்று கேட்கப் போனால் கண்டக்டர் குரல் வந்தது. நாற்பத்தெட்டு முடிந்தால் அதற்கப்புறம் என்ன? அதற்கு அவளிடம் ஒரு யோசனையும் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை டெம்போ, இந்தத் தடவை மாமா அம்மாவிடமே பேசிவிட்டார், அம்மாவும், “அந்த வெய்யலு என்னைக்கு நிக்குமோ கண்ணு, அத நம்பி இருக்க முடியுமா?” என்று துணிகளை மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் மதியம், மடித்த துணிகளுக்கு நடுவே அம்மா பாயில் தூங்கிக்கொண்டிருக்க, வெளிச்சம் சுவர்களில் நடந்துகொண்டிருக்க, போன் அடித்தது. அவரே கூப்பிடுவது இதுவே முதல் தடவை. அவள் படிக்கட்டடிக்கு ஓடினாள்.

“மேடம், இன்னைக்கோட முடியுதுங்க. நாலு மணிக்கு எறக்கிப்போட்டு, ஞாயித்துக்கெழமை மேட்ச் போட்டுறலாமுங்களா? பையனையும் வரச் சொல்லியிருக்கறேன்.”

“சார், கடைசி நாள்ல ஒரு விதி இருக்கு சார்...”

“சொல்லுங்க மேடம். எனக்கென்னமோ இன்னைக்கு உக்காரவே முடியலீங்க. காலெல்லாம் பரபரங்குது. கொஞ்சம் எந்திரிச்சுக்கறனே.”

“எந்திரிக்காதீங்க சார்!”

நாற்காலி கிறீச்சிட்டது. போனுக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு எட்டு வைத்துவிட்டு அது நின்றது. முதுகுக்குப் பின்னால் நாற்பத்தெட்டு நாளாக என்ன போய்க்கொண்டிருந்தது என்று அவர் பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மேடம்,” என்றார் மெதுவாக, “எங்கூட்டுல இருந்து வெய்யலு வெளிய போகுதுங்க.”

“அது... அது சாதாரணம்தான் சார். நீங்க உக்காருங்க சார், ஸ்கிரீன் பார்த்துட்டு...”

“நானும் அதுகூடப் போய்ப் பாக்கறனுங்க.”

மேலே மூன்றாம் மாடிப் படியில் செருப்புச் சத்தம். அதே சத்தம் ஒரு கணம் கழித்துப் போனிலும். வர்ணிகா துண்டித்திருக்கலாம், துண்டித்தால் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது, ஓடியிருக்கலாம், ஓடினால் திறந்த கதவுக்குள் அம்மா. அவள் பேசிக்கொண்டே நின்றாள். கடைசி நாள் விதி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள், வடக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்றாள், ரிமோட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றாள். இரண்டாம் மாடியில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது, “அய்யோ, ஏசுவே, சார்!” என்று டெய்சி டீச்சர் குரல். மிளகாய் முறங்களை யாரோ அவசரமாக உள்ளே இழுத்தார்கள். கைப்பிடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பள்ளிக்கூடச் சீருடைகளை எடுக்க நேரமில்லை. செருப்பு நின்றது, பிறகு நடந்தது. முதல் மாடியில் இம்ரான் குழந்தையோடு எழுந்து நின்றிருக்க வேண்டும். “அய்யா, டாக்டர் சொன்னாருங்கய்யா, கொளந்தைக்குத்தான்,” என்றான். “உக்காருப்பா, உக்காரு,” என்றது நாச்சிமுத்துவின் குரல், படியிலும் போனிலும். “கொழந்தைக்குக் கண்ணு கூசுதா பாரு.”

“சார், கேக்குதா சார்?” தேன்குரல் இப்போது கிழிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை டீச்சராக வந்தது, அடுத்தது சின்னராசுவின் இருமலாக வந்தது, அதற்கடுத்தது தாராபுரத்து மாமாவாக வந்தது. பதினேழு பேரும் முண்டியடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒருவர்பின் ஒருவராக இறங்கிப் போய்விட்டார்கள். தொண்டை காலியானது.

கடைசித் திருப்பத்தில் வெள்ளை வேட்டி தெரிந்தது. அவருக்கு முன்னால் வெளிச்சம், அவரைக் கண்டு மிரண்டு படியோரம் ஒதுங்கி நின்றது. அவர் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மொதல்ல போங்க,” என்று அதற்கு வழிவிட்டார். அது போயிற்று. அவர் பின்னால் வந்தார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“சார்,” என்றாள் வர்ணிகா, அவளுடைய சொந்தக் குரலில், போனுக்குள்.

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். அவள் காதிலிருந்த போனைப் பார்த்தார். திறந்த கதவு வழியாக உள்ளே, காய்ந்த சுவர்களையும், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளையும், பாயில் ஒரு சத்தமும் இல்லாமல் மூச்சுவிட்டுத் தூங்குகிறவளையும், அவளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்த தன் வீட்டு வெயிலையும் பார்த்தார். படிக்கட்டில் ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடிமேல் தலைகள் எட்டிப் பார்த்தன. அவருடைய மீசையின் ஓரம் முதலில் துடித்தது, பிறகு கன்னம், பிறகு தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அடக்கிக்கொண்டு, முகத்தை மறுபடி சீராக்கிக்கொண்டு, இரண்டடி தூரத்தில் நிற்கிற அவளை விட்டுவிட்டுப் போனிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“மேடம், ஒரே ஒரு சந்தேகமுங்க. அடுத்த மண்டலம் நாளைக்கே ஆரம்பிச்சுக்கலாமுங்களா, இல்ல உங்கம்மா அந்தப் பொட்டியெல்லாம் பிரிக்கற வரைக்கும் பொறுக்கணுமா?”